ஐந்து வாளிப் பால்

பேத்தி இன்டர்வியூவுக்கென்று குருவிட்ட டவுனில் புதுச் சப்பாத்து வாங்கி வந்திருந்தாள். பெட்டியைத் திறந்ததும் றப்பர் மணம் வீடு முழுக்கப் பரவியது. "தாத்தா, மொத ரெண்டு நிமிசத்திலயே அவங்க மனசுல பதியணுமாம். நீங்க எப்பிடிப் பதிஞ்சீங்க?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லலாம். நீங்கள் என் பேத்தி இல்லை.

கடைப் பெட்டிக்குள் அது நல்ல மணம்தான். நான் பிறந்த லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அது வேறு. தெரணியகலைப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டம். பட்டையைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் மரம் வெட்டுவது என்போம். வெட்டுகிறவர்களின் உடுப்பில் பால் பட்டுக் காய்ந்து, புளித்து நாறும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருப்பவன் மூக்கைப் பிடிப்பான். நான் நன்றாகப் படித்ததற்கு அறிவுத் தாகம் காரணமில்லை. அந்த நாற்றத்தை விட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

ஓட ஒரு வழி திறந்தது. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை ஒன்று காலியானது. லயத்திலிருந்து ஒருவனும் அதுவரை கணக்கப்பிள்ளை ஆனதில்லை. தோட்டத்து மருந்துக்காரரிடம் சப்பாத்து இரவல் வாங்கினேன். இரண்டு விரல் பெரிது; பேப்பர் திணித்துக்கொண்டு வாத்து மாதிரி நடந்தேன். சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துத் தந்தவர் அண்ணி, என் அண்ணன் மனைவி. அப்போது அவருக்கு எட்டு மாதம். "தொர முன்னால நிமிந்து நில்லு தம்பி. கூனிக்கிட்டு நின்னா மம்பட்டியத்தான் கையில குடுப்பான்" என்றார்.

நிமிர்ந்துதான் நின்றேன். தோட்டத்தை நடத்தும் துரை சிங்களத்தில் கேட்டார். நானும் தடங்கலில்லாமல் சிங்களத்திலேயே பதில் சொன்னேன். கணக்குக் கேட்டார். மழை நாளில் ஆட்களுக்கு என்ன வேலை கொடுப்பாய் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அவர் கொட்டாவி விட்டார். வெளியே வாங்குப் பலகையில் டவுன் இளைஞர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சப்பாத்துகள் காலுக்கு அளவானவை. கடைசியில் துரை கேட்டார்: "நீ லயத்தில் பிறந்தவன். என் ஆட்களுக்குத் தெரியாத ஏதாவது உனக்குத் தெரியுமா?"

தெரியும்.

நாலாம் நம்பர் மலை செங்குத்தானது. நிறைமாதக்காரி அதில் ஏற முடியாது. ஆனால் குறித்த அளவு பால் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை செய்ததாகச் செக்ரோல் புத்தகத்தில் பேர் விழும்; தினமும் பேர் விழாவிட்டால் பிள்ளைப்பேற்றுச் சலுகை இல்லை. அதனால் அவள் பாதையோர மரங்களை மட்டும் வெட்டுவாள். மேட்டு மரங்களை மற்றப் பெண்கள் வெட்டி, ஸ்டோரில் பால் அளக்கப் போகுமுன் தங்கள் வாளியிலிருந்தும் அவள் வாளிக்குக் கொஞ்சம் ஊற்றுவார்கள். இன்று இவளுக்கு, நாளை இன்னொருத்திக்கு. கங்காணி அந்த நேரம் பார்த்து வெற்றிலை துப்பத் திரும்பிக்கொள்வார். நான் பிறந்ததும் அப்படி ஊற்றிய பாலில்தான்.

அதைச் சொன்னேன். துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்போது யாருக்கு ஊற்றுகிறார்கள்?"

ஒரே தரம்தான் கேட்டார். அதட்டவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அண்ணியின் பெயரைச் சொன்னேன். "ஹொந்தாய்! நல்லது!" என்று மேசையைத் தட்டினார். பதிந்துவிட்டேன்.

அந்தக் காலம் அப்படி, பசி அப்படி என்று யாரும் எனக்காகச் சமாதானம் சொல்ல வர வேண்டாம். பசியோடு போகவில்லை. அண்ணி ரொட்டி சுட்டுத் தந்துதான் அனுப்பியிருந்தார்.

மறுநாள் பால் ஸ்டோரில், செக்ரோலும் பென்சிலுமாக நின்றேன். துரை ஜீப்பிலிருந்து இறங்கி நேரே அண்ணியிடம் போனார். "இந்த வாளியில் உன் பால் எவ்வளவு?"

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

கூட வெட்டுகிறவர்களில் பேச்சியம்மா வாய்க்காரி. "தொரைக்குக் கணக்கு வேணுமாம்டி!" என்றபடி தன் வாளியைத் தூக்கிப் பெரிய பீப்பாயில் கவிழ்த்தாள். இன்னும் அளக்காத பால். அடுத்தவள் கவிழ்த்தாள். பிறகு இரண்டு பேர். கடைசியாக அண்ணி. ஐந்து வாளியும் காலி.

"இப்பப் பிரிங்க தொர. எது யாரு பாலுன்னு பிரிச்சுக் காட்டிட்டு அவ பேர வெட்டுங்க."

துரை பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார். பிறகு, இன்று ஐவருக்கும் பேர் இல்லை, இவளுக்கு இனி எப்போதும் இல்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பேச்சியம்மா என் பக்கம் திரும்பினாள். "என்னா கணக்கப்பிள்ள ஐயா, பென்சிலு கூரா இருக்கா? அஞ்சு முட்ட போடணும். நல்லா உருண்டையா போடுங்க."

"போடு தம்பி" என்றார் அண்ணி. "பேர் இல்லேன்னவன் பால வேணாங்கல பாத்தியா."

போட்டேன். ஐந்து பெயருக்கு நேரே ஐந்து முட்டை.

அண்ணியின் பிரசவத்துக்குத் தோட்டம் ஒன்றும் தரவில்லை. அந்த நாலு பெண்களும் முறை வைத்துச் சோறு ஆக்கிப் போட்டார்கள். அண்ணன் சாகும்வரை என்னோடு பேசவில்லை. அடுத்த வருடம் இன்னொரு நிறைமாதக்காரிக்கு என் கண் முன்னாலேயே பால் ஊற்றினார்கள். "ஓடுங்க ஐயா, தொரகிட்டச் சொல்லுங்க" என்றாள் பேச்சியம்மா. நான் பேர் போட்டேன். அது பரிகாரம் என்று நினைத்ததில்லை.

பென்சன் எடுத்த பிறகுதான் அண்ணியிடம் போய் மன்னிப்புக் கேட்கத் துணிந்தேன். "அதெல்லாம் கோயில்ல போய்க் கேளுங்க தம்பி" என்றார். முன்பு 'போடு தம்பி' என்றவர், இப்போது 'கேளுங்க' என்றார். "எனக்கு என்னா கொறஞ்சு போச்சு? நாலு பேரு எனக்காக வாளியக் கவுத்தாங்க. ஒங்களுக்கு ஆராச்சும் கவுத்தாங்களா?"

 

அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டார். பேச்சியம்மாவும் போய்விட்டாள். நாலாம் நம்பர் மலையில் பாதியில் முள்ளுத்தேங்காய் என்கிற எண்ணெய்ப்பனை நிற்கிறது. மிச்ச றப்பர் மரங்களுக்கு நம்பர் அடித்து ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவரவர் மரம், அவரவர் வாளி. உடம்புக்கு முடியாதவள் லயத்தில் படுத்திருக்கிறாள். அவள் மரங்கள் அன்றைக்கு வெட்டப்படாமல் நிற்கின்றன.