sail-க்கும் sale-க்கும் நடுவில் ஒரு படகு

எங்கள் தீவில், வண்டூர் வாட்ஸ்அப் குழுவில் செல்வம் அண்ணன் தன் படகின் படத்தைப் போட்டு, “Boat for sail” என்று எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஒரு சுற்று போய்வரலாமே என்று காலையில் அழைத்தேன்.

“சவாரிக்கு இல்லம்மா, விக்கிறதுக்குப் போட்டேன். சீசன்லயும் ஆளே வரல. ஆனா இத போட்டதுலேருந்து எல்லாரும் சவாரிதான் கேக்குறாங்க. ரெண்டு பேருக்கு டீக் ஹை, வாங்கன்னு சொல்லிட்டேன்.”

குரலில் ஒரு தெம்பு இருந்தது.

நான் விடவில்லை. sail என்றால் கடலில் போவது, விற்பனைக்கு sale என்று விளக்கி, திருத்தி எழுதியும் அனுப்பினேன். அதையே குழுவில் போட்டார்.

மாலையில் அவரே பேசினார்.

“படகு போயிருச்சும்மா. ஜங்லிகாட்லேருந்து ஒருத்தர் வந்து வாங்கிக்கிட்டாரு. நீ எழுதிக் கொடுத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ்.”



எழுத்துப்பிழையைப் பார்த்தும் சும்மா இருக்கத் தெரிந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், எப்படி என்று எனக்கும் சொல்லுங்கள்.