வெறும் டியூபில் வந்த கீட்டோன்

பதினெட்டுப் பேருக்கும் கீட்டோன் வந்தது. நான் எடுத்துக் கொடுத்ததோ இரண்டே இரண்டு கீட்டோன்.

நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்தேழு வருடம் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்டாக இருந்தேன். இப்போது அந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பிராக்டிகல் தேர்வன்று குழம்பியதுபோல் நான் வேறு என்றைக்கும் குழம்பியதில்லை.

1. கீட்டோன் என்றால்

நான் பிளஸ் டூவோடு நின்றவள். கீட்டோன் என்றால் என்னவென்று எங்கள் துறை மேடம்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு கார்பன் இரண்டு கையால் ஆக்ஸிஜனைப் பிடித்திருக்கும். மீதி இரண்டு கையிலும் கார்பனே இருந்தால் அது கீட்டோன். ஒரு கையிலாவது ஹைட்ரஜன் வந்துவிட்டால் ஆல்டிஹைடு. நகப்பாலிஷ் அழிக்கிற அசிட்டோன்தான் கீட்டோன்களிலேயே சின்னது. டி.என்.பி. கரைசல் விட்டால் இரண்டு வகையுமே ஆரஞ்சாகப் படியும். அடுத்து டாலன்ஸ் டெஸ்ட். டியூபுக்குள் வெள்ளி படிந்தால் ஆல்டிஹைடு, படியாவிட்டால் கீட்டோன்.

"அவ்வளவுதானுங்க சரசக்கா" என்றார் மேடம். அவ்வளவுதான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

2. ஆரஞ்சு

அந்தத் தேர்வன்று காலை பேட்ச் முடிந்து மதிய பேட்ச் வர அரை மணி நேரம்தான் இருந்தது. கரண்ட் இல்லை. டியூப் காயவைக்கிற ஓவன் ஓடாது. கழுவிய டியூப்பை அசிட்டோன் விட்டு அலசினால் சீக்கிரம் காயும். வழக்கமாகச் செய்வதுதான். அலசி ஸ்டாண்டில் கவிழ்த்தேன். அதற்குள் பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஒரு மணி நேரம் போனது. எக்ஸ்டர்னல் எக்ஸாமினராக வந்திருந்த சார், ஆத்தூர்க்காரர், பதினெட்டு பேப்பரிலும் டி.என்.பி.யில் ஆரஞ்சு என்றிருந்ததைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, எல்லாருக்கும் ஒரே காம்பவுண்ட குடுத்துட்டீங்களா?"

"இல்லீங்க சார். சீட்டுல இருக்கற நம்பர்படிதானுங்க குடுத்தேன்."

பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து லேபிள் பார்த்தேன். எல்லாம் சரி. ஒன்றில் இருந்ததை இன்னொன்றில் கொட்டிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. அன்று கொடுத்ததில் ஒன்றான யூரியா பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தேன். யூரியாவுக்கு என்ன வாசம் இருக்கப்போகிறது? மேடம் முகத்தில் ஈயாடவில்லை. "பசங்க காப்பி அடிச்சிட்டாங்களோ" என்று முணுமுணுத்தார்.

சார் முதலில் விசாரித்தது பவித்ராவை. சேந்தமங்கலத்துப் பெண். போன வருடம் இதே பிராக்டிகலில் ஃபெயில். இந்த முறையும் போனால் பி.எட். சேர முடியாது. அவளுக்கு விழுந்தது யூரியா. யூரியாவைக் காட்டிக்கொடுக்கும் பையூரெட் டெஸ்டில் ஊதா என்று சரியாக எழுதியவள், கீழேயே டி.என்.பி.யில் ஆரஞ்சு என்றும் எழுதியிருந்தாள்.

"யூரியாவுல கார்பனுக்கு ரெண்டு பக்கமும் நைட்ரஜன். கீட்டோனே இல்ல. பக்கத்துப் பேப்பரப் பாத்து எழுதுனியா?"

"இல்லீங்க சார்."

"அப்ப ஆரஞ்சு எங்கிருந்தும்மா வந்துச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியலீங்க சார்."

அவள் மேசைக்குப் போனேன். ஓரமாக ஒரு டியூப் நின்றது, உள்ளே ஆரஞ்சு. பக்கத்தில் ரஃப் பேப்பர். அதில் பென்சிலால் எழுதி அழித்திருந்தாள். அழித்தும் படிக்க முடிந்தது. 'வெறும் டியூப், டி.என்.பி. மட்டும்: ஆரஞ்சு.'

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய்ந்ததென்று நான் நினைத்த டியூப் காயவில்லை. உள்ளே அசிட்டோன் ஒட்டிக்கொண்டிருந்தது. பதினெட்டுப் பேரும் சோதித்தது என் அசிட்டோனைத்தான்.

வாயைத் திறந்தால் என் வேலைக்கு வம்பு. திறக்காவிட்டால் அவள் வருடம் போகும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் என் வேலையைத்தான் நினைத்தேன். பிறகு சாரிடம் போனேன்.

"சார், தப்பு எம்மேலதானுங்க. அசிட்டோன்ல அலசுனனுங்க. சரியா காயலைங்க."

அவர் யாரும் தொடாத ஒரு டியூப்பை எடுத்து டி.என்.பி. விட்டார். ஆரஞ்சு.

"ஸ்டோர்ல புது டியூப் இருந்தா எடுத்தாங்கம்மா. எல்லாரும் அந்த டெஸ்ட மட்டும் திரும்பப் போடட்டும்."

பவித்ரா பாஸ். எனக்கு மெமோ.

3. நோட்டு

சாயங்காலம் கல்லூரி கேட்டுக்குப் பக்கத்தில் பவித்ராவை நிறுத்தினேன்.

"தெரிஞ்சும் ஏன் சாமி சொல்லல?"

"போன வருசம் நான் ஒடச்ச பியூரெட்ட நோட்டுல எழுதாம உட்டீங்கல்லங்க்கா. அதானுங்க."

நோட்டில் எழுதினால் உடைந்த கண்ணாடிச் சாமானுக்குப் பிள்ளைகள் காசு கட்ட வேண்டும். எனக்கு அது ஞாபகமே இல்லை. பாவம் பார்த்து விட்டிருப்பேன். அதற்காக ஒரு பெண் தன் வருடத்தையே விடப் பார்த்திருக்கிறாள்.

லேபுக்குப் புதிதாக வந்திருப்பவர்களே, காய்ந்தது வேறு, காய்ந்த மாதிரி இருப்பது வேறு. தேர்வுக்கு முன்னால் ஒரு வெறும் டியூபில் டி.என்.பி. விட்டுப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. அன்றிலிருந்து யார் எதை உடைத்தாலும் நான் நோட்டில் எழுதிவிடுவேன். எனக்காக இன்னொரு பிள்ளை வாயை மூடிக்கொண்டு நிற்கக் கூடாது.