கார்மேகத்தின் இருமல்

சாயங்கால அஸர் தொழுகைக்கான பாங்கு முடிந்த நேரத்தில் செய்தி வந்தது. பன்றிக் காய்ச்சல் என்று தனி அறையில் வைக்கப்பட்டிருந்த நாகலிங்கத்திடம், தொழிலாளர் கேம்ப்பின் பாஸ் செய்கு அலாவுதீன் ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னார். முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார்.

"கார்மேகம் போயிட்டான்டா. நிமோனியாவாம். நீ சாப்பிட்டியா?"

கார்மேகம் வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனிச் சூளையில் வேலை பார்த்தவன். வெள்ளிக்கிழமைகளில் ரூமில் இருப்பவர்களுக்கு முடி வெட்டுவான். கூலி ஒரு டீ. ஊரில் அவன் கத்தரியைத் தொட்டதில்லை. இங்கு வந்து நாகலிங்கத்தின் தலையில்தான் பழகினான்.

2009இல் அந்த கேம்ப்பில், லீவிலிருந்து திரும்பியவனுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் தொண்டையில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். லீவுக்குப் போகாதவன் இருமினால் அது மண் தூசி. கம்பெனியில் இருமாத ஆளே கிடையாது.

நாகலிங்கத்துக்கு லீவு முடிந்து வந்த சில நாளில் உடம்பு சுட்டது. சோதித்தார்கள். முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. அப்போது அவன் கழுத்தில் துண்டோடு கார்மேகத்தின் கத்தரிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான்.

"இருமும்போது கத்தரிய எடுத்துருடா, காது போயிரும்."

"ரெண்டு இருக்குல்ல மாப்ளே. மண் தூசி, என்ன செய்யச் சொல்ற?"

அவனைத் தனி அறைக்குக் கொண்டுபோக வந்த வண்டி வாசலில் ஹாரன் அடித்தது.

"மிச்சத்த வந்ததும் வெட்டுறேன்" என்றான் கார்மேகம்.

குணமாகித் திரும்பியபோது நாகலிங்கத்தின் மெத்தை வராந்தாவில் கிடந்தது. கம்பெனிக்குக் கார்மேகம் நிமோனியாவில் செத்தான். ரூமுக்கு அவன் நாகலிங்கத்தால் செத்தான்.

"நான் ஊர்ல இருக்கும்போதே போன்ல இருமினான், பாய். தொண்டைக்குச் சித்தரத்தை வாங்கிட்டு வரச் சொன்னான்."

"அவனுக்கு டெஸ்ட் எடுக்கலையேடா. உனக்குத்தான எடுத்தாங்க."

இப்போது எடுக்க முடியாதா என்று நாகலிங்கம் கேட்டான். உடலைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பியாகிவிட்டது என்றார் அலாவுதீன். கேம்ப் கணக்கில் நோய் வந்தது ஒருவனுக்கு; அவனும் பிழைத்துவிட்டான்.

மறுநாள் கார்மேகத்தின் சாமான்களைக் கட்டும்போது தலையணைக்கடியில் சித்தரத்தைப் பொட்டலம் இருந்தது. நாகலிங்கத்தின் ஊரான பரமக்குடியில் ஒரு கடையின் பெயர் அச்சடித்த தாள். பாதி தீர்ந்திருந்தது. அலாவுதீன் அதை முகர்ந்து பார்த்தார்.

"உன்ன எப்ப வாங்கச் சொன்னான்?"

"பிளேன் ஏறுறதுக்கு முந்தின வாரம், பாய்."

அலாவுதீன் பொட்டலத்தை மடித்து நாகலிங்கத்திடமே கொடுத்தார். பிறகு ரூமைப் பார்த்துச் சொன்னார்: "மெத்தைய உள்ள போடுங்கடா."

இரண்டு பேர் எழுந்து போட்டார்கள்.

நாகலிங்கத்தின் தலையில் இடப்பக்கம் ஒட்ட வெட்டியிருந்தது. வலப்பக்கம் முடி காதை மூடிக்கொண்டிருந்தது.