இல்லாத ராஜ்ஜியத்துக்கு ஸ்கேல் போட்ட கதை

"யாரு உங்கள ஸ்கேல் போடச் சொன்னது?"

ஸ்டெல்லா சிஸ்டர் போனில் ஆரம்பித்ததே இப்படித்தான். ஹலோ இல்லை, சாப்ட்டீங்களா இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை. மாதனூரில் என் வீட்டு மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய புத்தகம் பிரஸ்ஸுக்குப் போக இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

"இன்னா சிஸ்டர் ஆச்சு?"

"என் மானம் போச்சு. அத்தன பேரும் சிரிக்கிறாங்க. எனக்குப் புஸ்தகமே வேணாம்."

போனை வைத்துவிட்டார். 

கற்பனை நாடுகளுக்கு மேப் போடுவதுதான் இப்போது என் வேலை. மந்திர தந்திரக் கதை எழுதுகிறவர்கள், விளையாட்டு உருவாக்குகிறவர்கள் என்று பலர் கேட்டு வருகிறார்கள். இந்த வேலைக்கு வரலாமா, எந்த சாஃப்ட்வேர் கற்க வேண்டும் என்று சிலர் எழுதிக் கேட்கிறார்கள். சாஃப்ட்வேர் எல்லாருக்கும் வந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன், அது உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

1. சர்வே நம்பர் இல்லாத நிலம்

அதற்கு முன் பத்தொன்பது வருஷம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேட்டர்ன் ரூமில் இருந்தேன். ஷூவின் மேல்பாகத் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, சைஸ் சைஸாகப் பிரித்துக் கொடுக்கும் வேலை. கம்பெனி அந்த செக்‌ஷனை வேறு ஊருக்கு மாற்றியபோது நான் போகவில்லை. நசீர் பாயின் டிடிபி கடையில் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் ஃபிளக்ஸ், கடை போர்டு.

சேர்ந்த அன்றே படம் வரைய ஜிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேரைக் கடை கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பாய்க்குச் சந்தேகம்.

"ஃப்ரீயா?"

"ஃப்ரீதான் பாய்."

"வைரஸ் இருக்கும்."

"இல்ல பாய், நல்ல சாஃப்ட்வேர்."

"நல்லதுன்னா ஏம்மா ஃப்ரீயா குடுக்கிறான்?"

இந்தக் கேள்விக்கு அவர் ஒப்புக்கொள்ளும்படி ஒரு பதிலை இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

ஒருநாள் மத்தியானம் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு லாங் சைஸ் நோட்டோடு வந்தார். கழுத்தில் ஆஸ்பத்திரி ஐடி கார்டு தொங்கியது. வேலூரில் நர்ஸ், டியூட்டி முடிந்து நேராக வருகிறார் என்பது பிறகு தெரிந்தது.

"ஒரு மேப் போடணும்" என்றார்.

பாய் உடனே நிமிர்ந்தார். "எந்த ஊரு நெலம்மா?"

"நீலவரம்பு."

"குடியாத்தம் பக்கமா?"

"இல்ல பாய், கடலுக்கு அந்தாண்ட."

"சர்வே நம்பர் இருக்குதா?"

"அதெல்லாம் இல்ல. எல்லைதான் பிரச்சனை. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எனக்குத்தான்னு நிக்கிறாங்க."

"பேஜாரான கேஸு. கோர்ட்ல இருக்குதா?"

"இல்ல பாய். போர்ல இருக்கு."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். இது உன் டிபார்ட்மெண்ட் என்று அர்த்தம்.

ஸ்டெல்லா சிஸ்டர் போனில் தொடர்கதை எழுதுகிறவர். வெண்கோமான் என்று ஒரு பேரரசர், அவரைக் கொல்லப் பார்க்கும் தம்பி, அதைக் கண்டுபிடிக்கும் இளநகை என்ற தூதுப் பெண். முந்நூறு பேர் விடாமல் படிக்கிறார்கள். அவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் கதை புத்தகமாகப் போகிறது. உள் அட்டையில் மேப் வேண்டும். நோட்டைத் திறந்து காட்டினார். பால் பாயின்ட் பேனாவில் ஒரு வட்டம், அதற்குள் நிறைய முக்கோணம்.

"முக்கோணம்லாம் மலை" என்றார்.

2. லெஃப்ட் கால்

முதல் கடற்கரையைக் கையால் வரைந்தேன். மூன்று நாள் வேலை. பிரிண்ட் எடுத்து நீட்டினேன். சிஸ்டர் அதை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சுகந்தி. செருப்பு மாதிரி இருக்கு."

பாய் எட்டிப் பார்த்தார். "செருப்பு இல்லம்மா, லேடீஸ் கட் ஷூ. லெஃப்ட் கால்."

அவர் சொன்னது சரி. பேட்டர்ன் ரூமில் ஒரு கோடு அரை மில்லி நடுங்கினாலும் தப்பு. தையல் அங்கேதான் விட்டுப்போகும். பத்தொன்பது வருஷம் நடுங்காமல் பழகிய கை என்னுடையது. கடற்கரை என்றால் முழுக்க நடுக்கம்தான். என் கைக்கு அது வரவே இல்லை.

ஒரு வாரம் வீடியோவாகப் பார்த்து வேறு வழி கற்றேன். ஜிம்ப்பில் சாலிட் நாய்ஸ் என்று ஒரு ஃபில்டர் உண்டு. மேகம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகக் கலங்கி வரும். அதன்மேல் த்ரெஷோல்டைத் திறந்தால் ஒரு ஸ்லைடர். ஒரு கோடிக்கு இழுத்தால் எல்லாம் கடல், மறு கோடிக்கு இழுத்தால் எல்லாம் நிலம். நடுவில் எங்கேயோ, கடவுளே வரைந்த மாதிரி, விரிகுடாவும் தீவுமாக ஒரு நாடு எழுந்து வரும்.

3. ஐந்து புள்ளி

சிஸ்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்லைடரை மெதுவாக நகர்த்தினேன். தண்ணீர் வடிகிற மாதிரி நிலம் வெளியே வந்தது.

"நிறுத்துங்க! அதான், அதான் என் நாடு!"

எழுந்தே விட்டார். கையிலிருந்த பேனாவால் மானிட்டரிலேயே தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இந்த மூக்கு நீட்டிட்டிருக்குதே, இது முத்துறை, துறைமுகம். இது கற்கோடு, தலைநகரம். இது காக்கைக் கணவாய். இது தம்பியோட கோட்டை. இது இளநகை பொறந்த ஊரு."

அந்த நிமிஷம் கரண்ட் போயிற்று.

கடையில் யூபிஎஸ் உண்டு. இரண்டு மாதமாக அது ரிப்பேராகி, வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலாக இருந்தது. சிஸ்டர் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

சாலிட் நாய்ஸில் ஒவ்வொரு மேகத்துக்கும் சீட் என்று ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பரைக் கொடுத்தால் அதே மேகம் திரும்ப வரும். நான் குறித்து வைக்கவில்லை. ஃபைலை சேவும் பண்ணவில்லை. கரண்ட் திரும்பி வந்தபோது நீலவரம்பு இல்லை. மானிட்டர் கண்ணாடியில் ஐந்து பேனாப் புள்ளி மட்டும் இருந்தது.

பாய் ஈரத் துணியோடு வந்தார். "கண்ணாடியெல்லாம் இங்க் ஆக்கிட்டீங்களே."

"தொடைக்காதீங்க பாய்!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம். அவர் துணியை அப்படியே பின்னால் மறைத்துக்கொண்டார்.

அன்று முழுக்க நியூ சீட் பட்டனைத் தட்டினேன். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு புது உலகம். ஒன்றில் தலைநகரம் கடலில் விழுந்தது. ஒன்றில் துறைமுகம் நட்டநடு நிலத்தில் நின்றது. எத்தனை உலகத்தைத் தள்ளிவிட்டேன் என்று கணக்கு இல்லை. சாயங்காலம் டீ வந்த நேரத்தில் ஐந்து புள்ளிக்குக் கீழேயும் சரியாக ஒரு நாடு வந்து உட்கார்ந்தது. மூக்குகூட இருந்தது. முதலில் சேவ் பண்ணினேன். பிறகு சீட் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பிறகுதான் டீ குடித்தேன்.

4. கழுத்துப் பக்கம்

மலைக்கு ஒரு டெக்ஸ்சர், அதாவது மேடுபள்ளமான மேற்பரப்பு, தேவைப்பட்டது. என்னிடம் பழைய தோல் துண்டு ஒன்று இருந்தது, நல்ல சுருக்கம் விழுந்தது. அதை ஸ்கேன் பண்ணி, பம்ப் மேப் ஃபில்டரில் கொடுத்தேன். பள்ளத்தாக்கும் முகடுமாக மலை எழும்பி நின்றது. சிஸ்டர் அசந்துபோனார்.

பாய் கடை வைப்பதற்கு முன் தோல் மண்டியில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவர். மலைத்தொடரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆட்டுத் தோலு. கழுத்துப் பக்கம். மூணாங் கிரேடு. இதோ பாருங்க, உண்ணி கடிச்ச தழும்பு."

சிஸ்டர் அந்தத் தழும்பை உற்றுப் பார்த்துவிட்டு, "எரிமலையா வெச்சுக்கலாம்" என்றார். அடுத்த அத்தியாயத்தில் அது வெடிக்கவும் செய்தது.

5. என் தப்பு

எல்லாம் முடிந்தபோது மேப்பின் இடது மூலை காலியாக இருந்தது. காலியாக விட எனக்கு மனசு வரவில்லை. பேட்டர்ன் ரூமில் சைஸ் மார்க் போடாத துண்டு வாசலைத் தாண்டாது. அந்தப் பழக்கத்தில் ஒரு ஸ்கேல் போட்டேன். ஒரு அங்குலத்துக்கு நூறு கிலோமீட்டர். ஏன் நூறு? முழு நம்பர், பார்க்க அழகாக இருந்தது. சிஸ்டரிடம் கேட்கவில்லை.

அவர் மேப்பை சனிக்கிழமை வாசகர்களுக்குப் போட்டுக் காட்டினார். ஞாயிறு விடிவதற்குள் ஒருவர் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டார். முத்துறையிலிருந்து கற்கோடு அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். கதையில் இளநகை காலையில் முத்துறையில் குதிரை ஏறி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கற்கோடு போய், அரசர் வாயருகே கொண்டுபோன விஷக் கிண்ணத்தைத் தட்டிவிடுகிறாள். 'அந்தக் குதிரைக்கு எந்தக் கம்பெனி இன்ஜின்?' என்று அவர் கேட்டிருந்தார். கீழே நூற்றுக்கு மேல் சிரிப்பு.

திங்கட்கிழமை சிஸ்டர் கடைக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். "ஸ்கேல எடுத்துடறேன் சிஸ்டர்."

"எடுத்தா மட்டும்? எல்லாரும் போன்ல சேவ் பண்ணி வெச்சிருக்காங்க."

"நூற பத்துன்னு மாத்திடலாம். தூரம் அறுவத்து நாலு கிலோமீட்டர் ஆயிடும்."

பாய் கணக்குப் போட்டார். "இங்கேர்ந்து வேலூரு தாண்டிக் கொஞ்ச தூரம். கரெக்டா இருக்குமே."

சிஸ்டர் அவரை முறைத்தார். "பேரரசர்னு எழுதியிருக்கேன் பாய். எட்டுத் திக்கும் அவர் பேரக் கேட்டா நடுங்கும்னு எழுதியிருக்கேன். பள்ளிகொண்டா வரைக்கும் நடுங்கினா போதுமா?"

கதையில் வரும் பயணங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பதினான்கு பயணம். யார் எங்கே போனாலும் காலையில் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். குதிரை, மாட்டு வண்டி, நடை, எல்லாம் ஒரே நேரம்.

"ஏன் சிஸ்டர் எல்லாருமே இப்டி?"

சிஸ்டர் தாளை வாங்கிப் பதினான்கையும் படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் பஸ்ல எழுதறேன் சுகந்தி. ஆம்பூர்ல ஏறினதும் ஆரம்பிப்பேன். வேலூர் வந்தா எறங்கணும். அதுக்குள்ள அவங்களும் போய்ச் சேரணும் இல்ல?"

6. நகர்ந்த தலைநகரம்

ராஜாவைக் காப்பாற்ற வழி தேடினோம். பாய்தான் ரொம்பத் தவித்தார். புரூஃப் பிரிண்ட் எடுக்கும்போது ஒவ்வொரு பக்கமாகப் படித்ததில் அவருக்கு வெண்கோமானைப் பிடித்துப்போயிருந்தது.

"வழியில குதிரைய மாத்தி மாத்தி ஏறட்டும்."

"அப்பவும் நாலு நாளாவது ஆகும் பாய்."

"போட்ல போகட்டும். ஆறு இருக்குதே."

"ஆறு கற்கோட்லேர்ந்து முத்துறைக்கு வருது. இவ எதிர்த்துப் போகணும்."

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கற்கோடு தனி லேயரில் இருந்தது. மவுஸால் பிடித்து இழுத்தால் நகரும். கோட்டையும் பெயரும் சேர்ந்தாற்போலத் தலைநகரத்தைக் கடற்கரைப் பக்கம் கொண்டுவந்தேன். முத்துறைக்கு நாற்பது கிலோமீட்டரில் நிறுத்தினேன்.

"ஆச்சு சிஸ்டர். ராஜா பொழச்சுக்குவாரு. போட்ட மேப் தப்பு, சரி பண்ணியாச்சுன்னு நானே எழுதித் தர்றேன்."

பாய் கைதட்டினார். சிஸ்டர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். 

"எங்க வார்டுக்கு மலை மேலேர்ந்து முடியாதவங்கள தூக்கிட்டு வருவாங்க. வந்து சேர்றதுக்குள்ள உசுரு போயிருக்கும். தப்பு யாரு மேலயும் இருக்காது. ஓடித்தான் வந்திருப்பாங்க. ரோடு அவ்ளோ தூரம், அவ்ளோதான். டெய்லி அதப் பாத்துட்டு, மறுநாள் பஸ்ல உக்காந்து, எல்லாரும் டைமுக்குப் போய்ட்டாங்கன்னு எழுதிட்டிருக்கேன் பாருங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பழைய எடத்துலயே வெச்சிடுங்க."

கன்ட்ரோல் இசட் அழுத்தினேன். தலைநகரம் மலைக்குத் திரும்பிப் போனது.

வியாழக்கிழமை, மாற்றி எழுதிய அத்தியாயம் வந்தது. இளநகை கிளம்புகிறாள். நான்காம் நாள் காக்கைக் கணவாயில் எதிரே வருகிறவர்கள் ராஜா இறந்துவிட்டார் என்கிறார்கள். அவள் திரும்பவில்லை. சொல்ல வேண்டிய சேதி தன்னிடம் இருக்கிறது என்று மிச்ச தூரமும் போகிறாள்.

பாய் கல்லாவில் உட்கார்ந்து படித்தார். அந்த நேரம் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகை வாங்க வந்தார். பாய் தலை நிமிரவில்லை.

"கொஞ்சம் இருங்க. ராஜா செத்துட்டாரு."

"எந்த ராஜா? பஸ் ஸ்டாண்டு டீக்கடை ராஜாவா?" அவர் பதறிவிட்டார். "நேத்துதானே பாத்தேன்!"

பாய் கையை மட்டும் ஆட்டினார். வந்தவர் பத்திரிகையை மறந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினார்.

புத்தகம் வந்தது. வாசகர்கள் சிஸ்டரைத் திட்டினார்கள், அழுதார்கள், இன்னொருவருக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அளந்து பார்த்தவர், தூரம் சரி என்று ஒரே வரி எழுதினார். இந்த மேப்பை யார் போட்டது என்று கேட்டு எனக்கு வேலைகள் வந்தன.

ஆகவே இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: முதலில் சேவ் பண்ணுங்கள். சீட் நம்பரை எழுதி வையுங்கள். மலைக்கு நல்ல தோலாகப் பாருங்கள். ஸ்கேலை மட்டும் நீங்களாகப் போடாதீர்கள், எழுதியவரைக் கேளுங்கள். நான் இப்போது யார் வந்தாலும் கேட்பது, உங்கள் ஆட்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள், எத்தனை நாளில் என்பது. போன மாதம் திருப்பத்தூரிலிருந்து பேசிய ஒருவர், என் ஹீரோ பறப்பான் மேடம், தூரம் ஒரு விஷயமே இல்லை என்றார்.

"பறக்கட்டும் சார்" என்றேன். "போய் எறங்கற எடத்துல யாராச்சும் காத்துட்டிருக்காங்களா, அத மட்டும் சொல்லுங்க."