நாலாவது வரிசை, ஏழாவது குழி

பயிர் நோய் ஆய்வகத்தில் இலையக்காவின் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வாட்ச்மேனிலிருந்து மேலதிகாரி மேடம் வரை எல்லாருக்கும் அவர் இலையக்காதான். விவசாயிகள் கொண்டுவரும் இலைகளை அரைத்து, சாற்றில் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது பத்தொன்பது வருடமாக அவர் வேலை. மிளகாய், வாழை, பப்பாளி எல்லாம் வரும். அதிகம் வருவது மரவள்ளி. அந்த வட்டாரத்தில் பாதிக் குடும்பங்கள் அந்தக் கிழங்கை நம்பித்தான் இருந்தன.

மரவள்ளியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. தண்டைச் சாண் நீளக் குச்சிகளாக வெட்டி நடுவார்கள். குச்சியில் நோய் இருந்தால் புதுச் செடிக்கும் அப்படியே வந்துவிடும். அதிலும் பழுப்புக் கோடு நோய் பெரிய கள்ளன். செடி தளதளவென்று நிற்கும். அடி இலைகளில் மட்டும் லேசான மஞ்சள் திட்டு. இலை முதிர்ந்து பழுக்கிறது என்று விவசாயி பேசாமல் இருந்துவிடுவார். ஒன்பது மாதம் கழித்துத் தோண்டினால் கிழங்குக்குள் தக்கை தக்கையாகப் பழுப்பு அழுகல். மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால்தான் குச்சி வெளியே போகும் முன் இலையக்காவின் கையெழுத்து வேண்டும்.

அவருடைய தம்பி நடவுக் குச்சி வளர்த்துக் கொடுப்பவர். ஒரு கட்டுக் குச்சிக்கு ஒரு பை இலை என்று அனுப்புவார். பையின் மேல் கட்டு எண்ணோடு எதையாவது கிறுக்கியும் வைப்பார். ‘நோயாளிக்கு ரெண்டு நாளா பசியில்ல’ என்று ஒன்றில் இருக்கும். ‘இவன் கோபக்காரன், பார்த்து அரை’ என்று இன்னொன்றில். இலையக்கா தனியாகச் சிரித்துக்கொண்டேதான் பைகளைப் பிரிப்பார்.

போன நடவுக்கு முன்னால் அறுபது கட்டுகளுக்கு அறுபது பைகள் வந்தன. சோதனைத் தட்டு என்பது முட்டை அட்டை மாதிரி, ஆனால் உள்ளங்கை அளவு. வரிசையாகக் குட்டிக் குட்டிக் குழிகள். குழிக்கு ஒரு கட்டின் சாறு. கடைசி மூலையில் இரண்டு குழிகள் ஒப்பிட்டுப் பார்க்க: ஒன்றில் நோயுள்ள செடியின் சாறு, இன்னொன்றில் நல்ல செடியின் சாறு. இரண்டு நாள் வேலை முடிந்து நிறம் காட்டும் திரவத்தை ஊற்றியபோது வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. நோய் இருந்தால் குழி மஞ்சளாகும். அதற்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

நாலரைக்குத் தம்பி உள்ளே வந்தார். வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

“என்னக்கா, தட்டையே முறைச்சிக்கிட்டு இருக்க? முறைச்சா பயந்து நிறம் மாறிடுமா?”

“ஒரு மணி நேரம் ஆகணும்டா. பாதிதான் ஆச்சு.”

“வானத்தைப் பாரு. மழை கொட்டிச்சுன்னா ரோட்ல வண்டி போகாது. அங்க நாப்பது குடும்பம் நிலத்தை உழுது போட்டுட்டு என் தலையை உருட்டுது.”

இலையக்கா குனிந்து பார்த்தார். நோயுள்ள குழி அதற்குள் நல்ல மஞ்சள். மற்ற எல்லாம் தண்ணீர் மாதிரி இருந்தன.

“சுத்தமாத்தானே இருக்கு?”

“இப்போதைக்கு அப்படித்தான் தெரியுது.”

“அப்புறம் என்ன? போடு கையெழுத்தை. உன்னை வீட்ல இறக்கிவிட்டுட்டுப் போறேன். பஸ்ல இடிபட்டுப் போகணும்னு வேண்டுதலா?”

மேடம் அன்று வெளியூரில். இலையக்கா கையெழுத்துப் போட்டார். தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு லாரியில் ஏறினார்.

சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தபோது நாலாவது வரிசை ஏழாவது குழி மஞ்சளாக இருந்தது. அது நாற்பத்து மூன்றாம் கட்டு. ராத்திரி முழுக்க வைத்தால் எந்தக் குழிதான் மஞ்சளாகாது என்று சொல்லிக்கொண்டார். சொல்லும்போதே கண் தட்டின் கடைசி மூலைக்குப் போனது. நல்ல செடியின் சாறு தெளிவாகவே இருந்தது. இந்தக் குழி மட்டும்தான் மாறியிருந்தது.

பக்கத்திலேயே போன் இருந்தது. லாரி போய்ச் சேர்ந்திருக்கும், குச்சி மண்ணுக்குள் இறங்கியிருக்கும், இனி சொல்லி என்ன என்று நினைத்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் சொன்ன முடிவு ஒன்றுகூடத் தவறியதில்லை. அதையும் நினைத்தார். தட்டைத் தொட்டிக்குக் கொண்டுபோய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

ஒன்பது மாதம் கழித்துத் தம்பி ஒரு கிழங்கோடு வந்தார். மேசையில் வைத்து இரண்டாக வெட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புக் கோடுகள்.

“எட்டுத் தோட்டம்க்கா. ஒரு தோட்டத்துல அந்த அம்மா தோண்டத் தோண்ட வெட்டிப் பார்த்துட்டு, அப்படியே வரப்புல உக்காந்துடுச்சு. என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

இலையக்கா கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு பேர் குச்சிலயே கோளாறுன்னு பேசறாங்க. நான் விடுவேனா? எங்கக்கா பார்த்தா பார்த்ததுதான், இது அப்புறமா வெள்ளை ஈ கொண்டுவந்த சீக்குன்னு சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். நீ அதையே ஒரு தாள்ல எழுதிக் கொடு. ஈதான் காரணம்னு தெரிஞ்சா இந்தச் செடியிலயே நல்லதாப் பார்த்துக் குச்சி வெட்டி அடுத்த நடவுக்கு வச்சுக்குவாங்க.”

தம்பி பேனாவை எடுத்து நீட்டினார். எழுதினால் தம்பியின் வார்த்தை நிலைக்கும், இலையக்காவின் பெயரும் நிலைக்கும். அதே குச்சிகள் மறுபடி மண்ணுக்குப் போகும். அடுத்த வருடம் எட்டு எண்பதாகும்.

“எழுத முடியாதுடா. குச்சிலதான் இருந்துச்சு. நாப்பத்து மூணாம் கட்டு.”

“இப்ப எப்படித் தெரியும்?”

“இப்ப இல்ல. அப்பவே தெரியும். மறுநாள் காலைல குழி மஞ்சளா இருந்துச்சு. நான் கழுவிட்டேன்.”

தம்பி பேனாவை மெதுவாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“மறுநாள்னா... சனிக்கிழமையா?”

“ஆமா. அதுக்குள்ள குச்சியெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும்னு...”

“எங்க போச்சு? உன்னை இறக்கிவிட்டுட்டுப் பாலத்துக்கிட்ட போறதுக்குள்ள லாரி படுத்துடுச்சு. அத்தனை கட்டையும் இறக்கி நம்ம கொட்டகையிலதான் அடுக்கினேன். திங்கக்கிழமை மதியம்தான் வேற வண்டி கிடைச்சுது.” அவர் குரல் உயரவே இல்லை. “ரெண்டு நாள் அக்கா. ஒரு போன் பண்ணியிருந்தா ஒரே ஒரு கட்டை எடுத்து எரிச்சிருப்பேன்.”

அன்றே இலையக்கா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். இந்தச் செடிகளிலிருந்து குச்சி வெட்ட வேண்டாம் என்று எச்சரிக்கைத் தாள் அடித்தார்கள். தபாலில் அனுப்பலாம் என்றார் மேடம். இலையக்கா கேட்கவில்லை, தானே தோட்டம் தோட்டமாக நடந்து கொடுத்தார். நாற்பத்து மூன்றாம் கட்டு மூன்று தோட்டங்களுக்குப் பிரிந்து போயிருந்தது. அங்கிருந்து மற்ற ஐந்துக்கு வெள்ளை ஈதான் கொண்டுபோயிருக்கிறது. எட்டிலும் செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். வரப்பில் உட்கார்ந்த அந்த அம்மா தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி முழுதும் படித்தார்.

“அப்ப அடுத்த நடவுக்கு வேற குச்சிதானே வேணும்?”

“ஆமாம்மா.”

“அதையாவது ஒழுங்கா பார்த்துச் சொல்லுங்க.”

மேடம் இலையக்காவை ஒரு கண்டனக் கடிதத்தோடு விட்டுவிட்டார். வேலை அப்படியே இருக்கிறது. தம்பியும் இலை அனுப்புவதை நிறுத்தவில்லை. பேச்சு வார்த்தையும் உண்டு, அளவோடு. இந்த நடவுக்கும் பைகள் வந்தன. இலையக்கா ஒவ்வொன்றாக எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கட்டு எண் மட்டும் எழுதியிருந்தது.