எட்டாம் கட்டிலைப் பற்றி இங்கிலீஷில் எழுதியது

1. தோட்டம்

நர்சிங் ஸ்கூலில் நான் எழுதிய முதல் இங்கிலீஷ் காம்போசிஷனுக்குக் கிடைத்த மார்க் பூஜ்யம். தலைப்பு, ‘எங்கள் ஆஸ்பத்திரி’. நான் எழுதியது இவ்வளவுதான்: எங்கள் ஆஸ்பத்திரியில் நாற்றம் அடிக்கிறது. காலையில் நாங்கள் பெட்பேன் கழுவுகிறோம். நோயாளிகளுக்கு ஊசி என்றால் பயம். எங்களுக்கு சிஸ்டர் என்றால் பயம். கஞ்சி ஆறிப்போய் வருகிறது.

ரோஸம்மா டீச்சர் சிவப்பு மையால் மேலிருந்து கீழே ஒரே கோடாகப் போட்டார்.

“ஏட்டி எஸ்தர், இதெல்லாம் எழுதுவாவளா? ஆஸ்பத்திரியச் சுத்தி என்ன இருக்கு?”

“முள்வேலி, டீச்சர்.”

“தோட்டம் இருக்கு. பூ இருக்கு. காத்து வருது. அத எழுது.”

தோட்டம் என்று அவர் சொன்னது நாலு குரோட்டன் செடியை. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பகவதிக்குப் பத்துக்கு ஏழு. பள்ளிக்கூடத்தில் படித்த பாடத்திலிருந்து ஏதோ ஒரு ராஜாவின் தோட்டத்தை மனப்பாடமாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தாள். அதில் ரோஜா சிரித்தது, அன்னப்பறவை நீந்தியது.

“நம்ம ஆஸ்பத்திரியில அன்னப்பறவ எங்கட்டி நீந்துது?” என்று கேட்டேன்.

“லாண்டரித் தொட்டியில. நீ பாக்கல்லியா?” என்றாள்.

இது 1956-ல் நமது தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு மூன்று நான்கு வருஷம் முன்பு நடந்தது. ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. எனக்கு ஊர் அருமனை. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. நர்சிங் படிக்க வந்த எங்களை ப்ரொபேஷனர் என்பார்கள். சார்ட், ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் வாரம் இரண்டு நாள் சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்பு. ரோஸம்மா டீச்சர் டவுன் பள்ளிக்கூடத்தில் வேலை முடித்துவிட்டு வருவார். அவருடைய கணவர் எங்கள் ஆஸ்பத்திரி ஆபீசில் கிளார்க்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம். தமிழில் என்றால் சுற்றி வளைத்து, பாலீஷ் போட்டு, இல்லாததை இருப்பதுபோல் எழுதலாம். இங்கிலீஷில் அதற்கு வேண்டிய வார்த்தைகள் என்னிடம் இல்லை. யார், எங்கே, என்ன செய்தார், அவ்வளவுதான் எழுத வரும். டீச்சர் அதைக் குறை என்றார். நானும் அப்போது குறை என்றுதான் நினைத்தேன்.

2. வராந்தா

காலை ரவுண்ட்ஸ் என்பது எங்களுக்குத் திருவிழா. பெரிய டாக்டரின் கார் கேட்டுக்குள் நுழைந்ததும் வாட்ச்மேன் மணி அடிப்பான். உடனே கூட்டிருப்பவர்களை, அதாவது நோயாளிக்குத் துணை இருக்கிற ஆட்களை, வார்டிலிருந்து வெளியே தள்ளுவார்கள். கஞ்சிப் பாத்திரங்கள் கட்டிலுக்கு அடியில் போகும். பிறகு ப்ரொபேஷனர் எல்லாரும் கஞ்சி போட்ட ஏப்ரனோடு வராந்தாவில் வரிசையாக நிற்க வேண்டும். டாக்டர் படியேறும்போது ஒரே குரலில் குட்மார்னிங் சார் சொல்ல வேண்டும். ஒருத்தி குறைந்தாலும் வார்டுப் பொறுப்பிலிருக்கிற சிஸ்டர் அன்று முழுக்கத் திட்டுவார். டாக்டர் சில நாள் ஆபீசில் பேசிவிட்டு மெதுவாகத்தான் வருவார். அதுவரை வார்டில் ஒருவரும் இருக்கமாட்டோம்.

எட்டாம் கட்டிலில் திரேசம்மாள். கடற்கரைக்காரி. டைபாய்டு காய்ச்சல், சன்னி கண்டு பிதற்றிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் சிலுவைதாசன் கட்டுமரத்தை விட்டுவிட்டு வந்து, அவள் கையைப் பிடித்தபடி இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்துக் கட்டில்கள் பகவதியின் பொறுப்பு.

அன்று மணி அடித்ததும் சிஸ்டர் அவரையும் விரட்டினார்.

“நான் போனா இவ எழும்பிருவா, அம்மா. என் கையப் பிடிச்சிட்டுத்தான் கெடக்கா.”

“பெரிய டாக்டர் வார நேரம். கொஞ்ச நேரம் வெளிய நின்னா உமக்கு என்ன கொறஞ்சி போவும்?”

அவர் போனார். வரிசையில் எனக்கு அடுத்து பகவதி. அவள் சிஸ்டரைப் பார்த்து, “சிஸ்டர், எட்டாம் நம்பர் பக்கத்துல நான் நிக்கட்டா? சன்னி கூடுதலா இருக்கு” என்றாள்.

“வரிசையில நில்லு. ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா?”

இதை நான் காதால் கேட்டேன். அன்று டாக்டர் வரத் தாமதம். உள்ளே தடால் என்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் திரேசம்மாள் தரையில் கிடக்கிறாள். நெற்றி கிழிந்து ரத்தம். தோள்பட்டை எலும்பு ஒடிந்திருந்தது. வாசலில் சிலுவைதாசன் போட்ட சத்தம் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. வாட்ச்மேன் அவரைப் பிடித்து வெளியே கொண்டுபோனான்.

3. மேட்ரன் சொன்ன ஸ்டேட்மென்ட்

மத்தியானம் மேட்ரன் என்னைக் கூப்பிட்டார். சிஸ்டரும் அங்கே நின்றார்.

“ஒனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். நீ பகவதி பக்கத்துல நின்ன ஆளு. ஸ்டேட்மென்ட் எழுதிக் குடு. பெரிய டாக்டர் நாளைக்குப் பாப்பாரு.”

“என்ன எழுதணும், மேடம்?”

“பகவதி யாருட்டயும் சொல்லாம நோயாளிய விட்டுட்டுப் போனா. அவ்வளவுதான். அவளும் மன்னிப்புக் கேட்டு எழுதட்டு. மூணு மாசம் வீட்டுல இருந்துட்டு வரட்டு. பொறவு பாத்துக்கிடலாம்.”

மூன்று மாதம் என்பது மேட்ரனுக்குச் சின்ன விஷயம். பகவதி நாஞ்சில்நாட்டு வயல்கிராமத்தில் ஒரு சைவ வேளாளர் வீட்டுப் பெண். கண்டவன் மலத்தை எடுக்கவா நம் வீட்டுப் பெண் போவது என்று அண்ணன் குதித்திருக்கிறான். அப்பா உயிரோடு இல்லை. சோறு தின்னாமல் கிடந்து, பிடிவாதம் பிடித்துத்தான் அவள் வந்தாள்.

ஹாஸ்டலில் அவள் அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“வீட்டுக்குப் போனா அண்ணன் என்ன மறுபடி விடமாட்டான், எஸ்தரு. தோவாளையில ஒரு மனுசன் ரெண்டாந்தாரத்துக்குக் கேட்டுட்டே இருக்கான். அவனுக்கு எங்க அப்பா வயசு. அண்ணன் தாலியக் கெட்ட வச்சு அனுப்பிருவான்.”

“நீ மன்னிப்பு எழுதிக் குடுக்காத.”

“எழுதல்லன்னா ஒரேயடியா தொரத்திருவாவ.”

“நான் எழுதுகது வர சும்மா இரி” என்றேன். தைரியத்தில் சொன்னதல்ல. கோபத்தில் சொன்னது.

எழுத உட்கார்ந்ததும் ஒரு சிக்கல். விழுந்ததை நான் பார்க்கவில்லை. வராந்தாவில் நின்றேன். சிஸ்டர் பார்க்கவில்லை. பகவதி பார்க்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு சிலுவைதாசனைத் தேடிப் போனேன். கேட்டுக்கு வெளியே மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் ஏப்ரனைப் பார்த்ததும் காறித் துப்பினார்.

“என்னத்துக்கு வந்த? இன்னும் எவள உருட்டித் தள்ளணும்?”

“நீங்க கண்டத எழுதணும். சொல்லுங்க.”

“நான் சொன்னா ஒங்க டாக்டருக்குக் கேக்குமா?”

“இங்கிலீஷ்ல எழுதினா கேக்கும்.”

எழுந்து என் எதிரே நின்றார். பிறகு சொன்னார்.

“ஜன்னல் கம்பியப் பிடிச்சிட்டு நின்னேன். அவ எழும்பி இருந்தா. தண்ணி, தண்ணின்னு கேட்டா. படுட்டி, படுட்டின்னு வெளிய நின்னு கத்துகேன். உள்ள ஒரு வெள்ளத்துணி இல்ல, மக்கா. எல்லாம் வராந்தாவுல நிக்குது. வாசலுக்கு ஓடி வந்தேன். வாட்ச்மேன் கம்ப வச்சு மறிச்சான். அப்பந்தான் சத்தம் கேட்டுது.”

அன்று சாயங்கால வகுப்புக்கு முன்னால் நான் எழுதியதுதான் என் வாழ்க்கையில் முதன்முதலாகக் கஷ்டப்பட்டு எழுதிய இங்கிலீஷ். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் கூடக் கூடாது, குறையக் கூடாது. வெள்ளைத்துணி என்பதற்கு என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். நர்ஸ் ஒருவரும் இல்லை என்று எழுதினேன். பகவதி கேட்டதும் சிஸ்டர் சொன்ன பதிலும் அப்படியே. கடைசியில் அரைப் பக்கம் என் கோபம். இந்த ஆஸ்பத்திரியில் நோயாளியைவிட குட்மார்னிங் பெரிது, இங்கே எல்லாரும் பொய்யர்கள் என்று.

4. பென்சில்

பிழை திருத்திக் கொடுக்கச் சொல்லி மேட்ரன் அதை ரோஸம்மா டீச்சரிடம் அனுப்பினார். அன்று வகுப்பு முடிந்ததும் டீச்சர் என்னை மட்டும் நிறுத்தி, கதவைச் சாத்தினார்.

“இத ஒழுங்கா மாத்தி எழுத வைக்கச் சொல்லி அனுப்பியிருக்காவ. தெரியுமா ஒனக்கு?”

“மாத்தமாட்டேன், டீச்சர்.”

“கூட்டிருக்க வந்தவன் சொன்னதயெல்லாம் இதுல எதுக்கு எழுதின?”

“அவரு மட்டுந்தான் கண்டாரு.”

டீச்சர் கைப்பையைத் திறந்தார். உள்ளே சிவப்பு மைப்பேனா இருந்தது. அதை எடுக்கவில்லை. பென்சிலை எடுத்தார். “எனக்க கையெழுத்து இதுல தெரியப்பிடாது. அவரு வேல பாக்குத எடம்” என்றார். கணவரைச் சொன்னார். பென்சிலால் லேசாகப் பிழைகளைத் திருத்தினார். என் அரைப் பக்கக் கோபத்தை முழுசாக அடித்தார். மேலே இருந்ததில் ஒரு வரியையும் தொடவில்லை.

“கோபத்த எதுக்கு வெட்டுகீங்க?”

“அத வச்சிருந்தா அத மட்டுந்தான் வாசிப்பாவ. புதுசா எழுதிட்டு இந்தப் பேப்பரக் கிழிச்சிப் போடு.”

அந்த அரைப் பக்கம் இருந்திருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனால் டீச்சர் சொன்னது தப்பில்லை. அவரை நான் நல்லவர் என்றும் சொல்லமாட்டேன், கோழை என்றும் சொல்லமாட்டேன். பயந்தார், பயந்துகொண்டே செய்தார்.

5. ஆபீஸ் அறை

மறுநாள் மேட்ரன் அறையில் பெரிய டாக்டர் நேரே என் கையிலிருந்து பேப்பரை வாங்கி வாசித்தார். மேட்ரன், சிஸ்டர், டீச்சர், பகவதி, நான், எல்லாரும் நின்றோம்.

மேட்ரன் டீச்சரைப் பார்த்து, “நீங்க இத மாத்தல்லியா?” என்றார்.

“அவ எழுதினதுதான், மேடம்” என்றார் டீச்சர், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் சிஸ்டரிடம் திரும்பினார். “இந்தப் பிள்ளை நிக்கட்டான்னு ஒங்கட்ட கேட்டாளா?”

“சத்தத்துல எனக்குக் கேக்கல்ல, டாக்டர்.”

“பதில் சொல்லியிருக்கீங்களே.”

சிஸ்டர் மேட்ரனைப் பார்த்தார். டாக்டர் சிலுவைதாசனைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்தார். கும்பிடவில்லை. என்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கு குட்மார்னிங் சொல்லவா இவ்வளவு பேரும் வெளிய நின்னாவ?”

மேட்ரன் மேஜைப் பேப்பர்களை அடுக்க ஆரம்பித்தார்.

“ஒமக்குச் சொல்லத்தான் நின்னாவ. வேற ஆருக்கு அய்யா சொல்லுவாவ?” என்றார் சிலுவைதாசன்.

டாக்டரின் முகம் சிவந்தது. யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பகவதி வீட்டுக்குப் போக வேண்டாம் என்றார். ரவுண்ட்ஸ் நேரத்தில் வார்டுக்கு ஒருத்தி உள்ளே நிற்க வேண்டும், சன்னி கண்ட நோயாளிக்குக் கூட்டிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்றார். வரிசையை நிறுத்தவில்லை. நாங்கள் பிறகும் வராந்தாவில் நின்று குட்மார்னிங் சார் சொன்னோம்.

திரேசம்மாள் பிழைத்தாள். தோள் சரியாகக் கூடவில்லை, கை பாதிதான் உயரும். பகவதி படிப்பை முடித்தாள். பேச்சிப்பாறைப் பக்கம் வேலை கிடைத்தது. அண்ணன் வந்து சம்பளம் வாங்கிப் போனான், அதற்கு மட்டும் வெட்கப்படவில்லை. என்னை மேட்ரன் அந்த மழைக்காலம் முழுக்க லினன் அறையில் போட்டார். ஈரப் போர்வைகளை மடித்தேன். அடுத்த வாரம் டீச்சர் கொடுத்த தலைப்பு ‘மழை நாள்’. போர்வை காயவில்லை என்று எழுதினேன். பத்துக்கு ஐந்து போட்டார், சிவப்பு மையில்.

6. இப்போது எழுதுகிற பிள்ளைகளுக்கு

போன மாதம் ஒரு ஆஸ்பத்திரியில் நம் பிள்ளைகள் எழுதிய ரிப்போர்ட்டுகளைப் பார்த்தேன். ‘நோயாளி நலமாக இருக்கிறார், நன்றாகத் தூங்கினார்’ என்று எல்லாக் கட்டிலுக்கும் ஒரே வரி. ஒரு பெண்ணிடம், இந்த நோயாளியிடம் பேசினாயா என்று கேட்டேன். இல்லை ஆன்ட்டி, இப்படித்தான் எழுதுவார்கள் என்றாள். நல்ல இங்கிலீஷ்தான். அதை வைத்து நாய்க்குக்கூட வைத்தியம் பார்க்க முடியாது.

உங்களுக்கு இங்கிலீஷ் குறைவாக இருந்தால் கவலைப்படாதீர்கள். யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுத எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும். எழுத உட்காருவதற்கு முன்னால் கட்டில் பக்கத்தில் இருக்கிற மனிதரிடம் போய்க் கேளுங்கள். நீங்கள் இல்லாத நேரத்திலும் அவர் அங்கேதான் இருந்தார். முப்பத்தைந்து வருஷம் நான் அப்படித்தான் ரிப்போர்ட் எழுதினேன். இரண்டு மெமோ வாங்கினேன், அதனால் ஒன்றும் ஆகவில்லை.

சிலுவைதாசன் அன்று காலையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வாசலில் நின்று கத்திச் சொன்னார். அவரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அதையே ஒரு பெண் இங்கிலீஷில் எழுதி நீட்டிய பிறகுதான் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என் ஸ்டேட்மென்ட் நன்றாக இருந்தது என்று பிறகு பலபேர் பாராட்டினார்கள். எனக்கு அதில் பெருமை இல்லை. அந்த மனிதர் தமிழில் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும்.