மூன்றாவது தடம்

வீரமுத்துவின் கிட்டாரில் நான்கு கம்பிகள்தான். அது பேஸ் கிட்டார், அப்படித்தான் இருக்கும் என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி அவன் வாய் ஓய்ந்துவிட்டது. லூபோக் சீனா ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து புக்கிட் பெருவாங்கில் குடியேறியவன். வாரமெல்லாம் தொழிற்சாலை, லீவு நாளில் மேடை. அங்கே பாடகருக்குக் கைதட்டுவார்கள், கீபோர்டுக்குக் கைதட்டுவார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் அவன் மனைவியின் அண்ணன், லாரிக்கார முனியாண்டி மட்டும்தான் அவனைப் பற்றி ஏதாவது கேட்பார்:

"மத்த ரெண்டு கம்பி எங்க மாப்ள? துணி காயப்போட்டுருக்கியா?"

தொண்ணூற்றாறில், மேடையில் பழக்கமான கோலாலம்பூர் நிவேந்திரன் பக்திப் பாட்டுக் கேசட் ஒன்று போட்டான். ஸ்டூடியோ வாடகைக்கு வக்கில்லை. நான்கு தடங்களில் தனித்தனியாகப் பதியும் சின்ன மெஷினை, தபேலாவும் கீபோர்டும் ஏற்கெனவே பதிந்த கேசட்டோடு பஸ்ஸில் அனுப்பிவிட்டுப் போன் செய்தான்.

"மூணாவது ட்ராக் காலியா இருக்குண்ணே. ஒங்களுக்குத்தான். ஞாயித்துக்கெழம சாயங்கால பஸ்ஸுல ஏத்திருங்க. இல்லாட்டி நானே கீபோர்ட்ல பேஸ் அடிச்சிருவேன்லா."

தன் விரல் முதல்முறையாக ஒரு கேசட்டில் தங்கப்போகிறது. வீரமுத்து சோற்றுத் தட்டை ஒதுக்கிவிட்டுக் கிட்டாரை எடுத்தான்.

ஞாயிறு காலை வீட்டுக்கு ஊரடங்கு போட்டான். விசிறி நின்றது. குக்கர் அடுப்பேறவில்லை. மனைவி பவானேஸ்வரி கதவைக்கூட நோகாமல் சாத்தினாள். வேடிக்கை பார்க்க வந்த முனியாண்டி தும்மலை அடக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

வாசித்து முடித்துப் போட்டுக் கேட்டால், பேஸுக்கு அடியில் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல். நடுவில் ஒரு 'டொக்'.

முனியாண்டி ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். "உள்ளாற வண்டு பூந்துருச்சா?"

வீரமுத்து ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டாரிலிருந்து அது நேராக மெஷினுக்குள் போகிறது. மைக்கே கிடையாது. யார் கத்தினாலும் ஏறாது. ஏறுவது கரண்டின் முனகல் மட்டும். ஐஸ்பெட்டி மோட்டார்!

"அப்ப நாங்க எதுக்குடா காலைலேருந்து வாயப் பொத்திக்கிட்டு கெடக்குறோம்?" என்றார் முனியாண்டி.

வீரமுத்து கிட்டாரையும் மெஷினையும் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனான். அங்கும் அதே முனகல். ஐஸ்பெட்டியை அணைக்கலாம் என்றால் உள்ளே, மறுநாள் பள்ளி விளையாட்டுப் போட்டியில் விற்கப் பவானேஸ்வரி பை பையாகக் கட்டி உறையவைத்த சிவப்புச் சர்பத், சிராப் ஐஸ். அவன் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.

"என்னங்க?"

"ஒன்னுமில்ல. அவனே கீபோர்ட்ல அடிச்சிக்கட்டும்."

அவள் ஐஸ்பெட்டியைப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள். போய்ப் பிளக்கை உருவினாள்.

"உருகுனா ராத்திரி திரும்பக் கட்டுறேன். எடுங்க அத."

முதல்முறை தடுமாறினான். இரண்டாவது முறை விரல் வியர்த்து வழுக்கியது. மத்தியானமாகியும் சரிவரவில்லை; ஐஸ்பெட்டிக்கு அடியிலிருந்து, கட்டு நெகிழ்ந்த பைகளின் சிவப்புத் தண்ணீர் மெதுவாகக் கிளம்பியது. "வீணாப் போவுதே" என்று முனியாண்டி ஒரு பையைக் கடித்து உறிஞ்ச ஆரம்பித்தார். பவானேஸ்வரி அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, அண்ணனைத் திட்டிக்கொண்டே தரையைத் துடைத்தாள். விசில் அடித்தது. யாரும் அவனுக்காக மூச்சுப் பிடிக்கவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவில், எங்கும் பிசகாமல், பாட்டு அதுவாக முடிந்தது.

கேசட்டைப் பஸ் டிரைவர் கையில் கொடுத்தபோது வீரமுத்துவின் விரல்களில் சிராப் பிசுபிசுத்தது.

தீபாவளிக்கு முன் கேசட் வெளிவந்தது. ஐஸ்பெட்டி மேல் இருந்த சின்ன கேசட் ரேடியோவில் போட்டார்கள். முனியாண்டி காதைச் சாய்த்துக் கேட்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. இதுல நீ எங்க மாப்ள?"

வீரமுத்து சிரிக்கப் பார்த்தான். தபேலா கேட்டது, கீபோர்டு கேட்டது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் மட்டும் ஏறவில்லை.

பவானேஸ்வரி ஐஸ்பெட்டிக் கதவில் கை வைத்திருந்தாள். "என்னமோ நடுங்குதுங்க. மோட்டாரா?"

பாட்டு முடிந்தது. நடுக்கமும் நின்றது.

அவள் கையை எடுக்கவில்லை. "திரும்பப் போடுங்க" என்றாள்.